சமூக வானொலி என்றால் என்ன? எஸ்டேட் ஊர்ச் சுகாதாரத்துக்கு அது எப்படி உதவும்?

ஒரு ஊர் மக்கள், லாப நோக்கமில்லாமல், தங்கள் ஊருக்காகத் தாங்களே நடத்தும் சிறிய வானொலிதான் சமூக வானொலி. சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் 2004-இல் தொடங்கிய அண்ணா எஃப்எம் இந்த வகைதான்.

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், ரப்பர் எஸ்டேட்டுகள் சூழ்ந்த சுங்கை சிப்புட் போன்ற ஓர் ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். “தேங்கிய நீரை அகற்றுங்கள்” என்று நாடு முழுவதற்கும் சொன்னால் யார் காதிலும் நிற்காது. பால்மரக் காட்டில், அதாவது ரப்பர் தோட்டத்தில், வேலை பார்க்கும் அக்கா ஒருவர், “பால் வெட்டாத நாளில் பால் பிடிக்கும் மங்குகளைக் கவிழ்த்து வையுங்கள், மழைத்தண்ணியில் கொசுப்புழு நெளிகிறது” என்று சொன்னால் கேட்பவர் எழுந்து போய்ப் பார்ப்பார். லயத்துக் (எஸ்டேட் தொழிலாளர் வரிசை வீடுகள்) குழாயடிப் பேச்சு மாதிரிதான் இது; சொல்பவரைத் தெரியும், சொல்லும் இடமும் தெரியும்.

வாரம் தவறாமல் சொல்வதற்கும் காரணம் உண்டு. டிங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு, தண்ணீர் விளிம்புக்குச் சற்று மேலே பாத்திரச் சுவரில் முட்டையிடும். தண்ணீரைக் கொட்டினாலும் முட்டை ஒட்டிக்கொண்டிருக்கும். காய்ந்த நிலையிலும் பல மாதம் தாங்கும். முட்டை கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரம், பத்து நாள் போதும். அதனால் வாரம் ஒருமுறை வாளியையும் தொட்டியையும் உள்ளே தேய்த்துக் கழுவ வேண்டும். புகையடிப்பது பறக்கும் கொசுவைத்தான் கொல்லும். இதையெல்லாம் கேள்வி கேட்டுப் பேச நேரம் கிடைப்பது இப்படிப்பட்ட வானொலியில்தான். ஊரார் கூடித் துப்புரவு செய்யும் கோத்தோங் ரோயோங் நாளையும் அப்படியே அறிவித்துவிடலாம்.

ஒலிபரப்பும் கருவி வாங்கினாலே நிலையம் தொடங்கிவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல, மலேசியாவில் அலைவரிசையைப் பயன்படுத்த தொடர்பு, பல்லூடக ஆணையத்தின் அனுமதி வேண்டும்.