வண்டி அப்புறம், தண்ணீர் கேன் முதலில்

போன இதழில், கரண்டும் குழாய்த் தண்ணீரும் இல்லாத இடத்தில் சின்ன வண்டியிலேயே சமைத்துப் படுத்து இரண்டு மூன்று நாள் இருந்துவிட்டு வருவது பற்றி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் சேலத்துக்காரர்களுடையதே அதிகம், எல்லாருக்கும் ஏற்காடுதான் குறி. பொதுவாகப் பயன்படும் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

நான், கணவர், பத்து வயதுப் பையன். மாருதி ஈக்கோ வேன் வாங்கலாமா, இல்லை கொஞ்சம் கடன் வாங்கியாவது பொலிரோ கேம்பர் எடுக்கலாமா? (வாசகி, அஸ்தம்பட்டி)

பெயரில் கேம்பர் என்று இருப்பதை நம்பிக் கடன் வாங்காதீர்கள் அம்மா. பொலிரோ கேம்பர் என்பது இரண்டு வரிசை சீட்டும் பின்னால் திறந்த தொட்டியும் உள்ள பிக்கப், அதில் படுக்க வேண்டுமென்றால் மேலே தனியாகக் கூடு கட்டணும். மூன்று பேருக்கு ஈக்கோ போதும். நீளம் 3,675 மில்லிமீட்டர்தான், எஸ்டேட் ரோட்டில் எதிரே ஜீப் வந்தாலும் ஒதுங்கலாம், இரண்டு பக்கமும் தள்ளு கதவு இருப்பதால் இடுக்கான இடத்திலும் ஏறி இறங்கலாம். ஆனால் வாங்கும் முன் உங்கள் கணவரை ஷோரூமிலேயே பின்னால் படுத்துப் பார்க்கச் சொல்லுங்கள், கால் நீட்ட முடியவில்லை என்றால் மற்ற வசதி எதுவும் கணக்கில் வராது.

எந்த வண்டி என்று கேட்கும் முன் எவ்வளவு தண்ணீர் என்று கேளுங்கள். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர், பாத்திரம், முகம், கை கால் கழுவச் சிக்கனமாக இன்னொரு 6 லிட்டர். மூன்று பேர், இரண்டு நாள் என்றால் 60 லிட்டர். அதாவது 20 லிட்டர் கேன் மூன்று, 60 கிலோ. வீட்டில் ஓர் ஆள் கூடுதலாக ஏறியது போலத்தான். அந்த எடைக்கு இடம் ஒதுக்கி, மிச்சத்தில் என்ன வைக்கலாம் என்று பாருங்கள். பாதி சாமான் தானாகவே வீட்டில் நின்றுவிடும். கேன்களைத் தரையோடு தரையாக, முன்சீட்டுக்குப் பின்னால் நகராமல் கட்டுங்கள். கூரையில் கேரியர் போட்டுத் தண்ணீரை மேலே ஏற்றுவது மட்டும் வேண்டவே வேண்டாம், கொண்டை ஊசி வளைவில் வண்டி சாயும்.

வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி சும்மா கிடக்கிறது. அதையே வண்டியில் வைத்து ஃபேன், ஃப்ரிட்ஜ், இண்டக்‌ஷன் அடுப்பு ஓட்டலாமா? (வாசகர், சூரமங்கலம்)

வேண்டாம் தம்பி. வீட்டு இன்வெர்ட்டருக்குப் போடும் டியூபுலர் (ஈய அமில) பேட்டரி 150 ஆம்பியர்-மணி என்றால் 50 கிலோவுக்கு மேல் வரும், பாதிக்குக் கீழே இறக்கினால் சீக்கிரம் கெடும், சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு விடும். தூங்குகிற இடத்தில் அதை வைக்கக் கூடாது. லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி சுமார் 12 கிலோதான், 1,280 வாட்‌-மணி கொடுக்கும். கணக்கு போட்டுப் பாருங்கள்: 12 வோல்ட் சின்ன ஃப்ரிட்ஜ் நாளைக்கு 400 முதல் 500, எல்இடி விளக்கு, போன், சின்ன ஃபேன் எல்லாம் சேர்த்து இன்னொரு 200. இரண்டு நாள் கிட்டத்தட்ட ஓட்டிவிடலாம். இண்டக்‌ஷனோ 1,500 வாட், முழு பேட்டரியும் ஒரு மணி நேரத்துக்கு முன்பே காலி. சமையலுக்கு கேஸ்தான்.

சோலார் தகடு 100 வாட் சேலத்து வெயிலில் நாளைக்கு 400 வாட்-மணி வரை தரும். ஏற்காட்டில் மூடுபனி இறங்கினால் அதில் பாதி கிடைத்தாலே அதிகம். அதனால் வண்டி ஓடும்போதே சார்ஜ் ஏறுகிற டிசி சார்ஜர் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள், அதுதான் மலைக்கு நம்பகமானது. இரண்டே நாள் பயணத்துக்கு ஃப்ரிட்ஜே தேவையில்லை என்பது என் கருத்து.

சீட்டைக் கழற்றிவிட்டுக் கட்டில் அடித்தால் ஆர்டிஓ பிடிப்பாரா? (வாசகர், ஓமலூர்)

பிடிக்கலாம். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவுப்படி, ஆர்சியில் உள்ள விவரம் தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்திச் சொன்னது. சீட்டை அப்படியே விட்டு, அதன் மேலே ஏற்றி இறக்கக்கூடிய பலகைப் பெட்டி செய்து வையுங்கள். போல்ட் அடிக்காத, கழற்றி வீட்டில் வைக்கக்கூடிய பெட்டி வெறும் சாமான்தான்.

சமையலுக்கு என்னென்ன எடுத்துப் போகணும்? ஹோட்டலே வேண்டாம் என்று பிடிவாதமாக இருக்கிறோம். (வாசகி, அம்மாப்பேட்டை)

எனக்குப் பிடித்த கேள்வி இது. முதலில் ஒரு விஷயம், ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம், அங்கே தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் துவரம் பருப்பு வேகவே வேகாது என்று தோன்றும், கேஸ்தான் தீரும். அதனால் 3 லிட்டர் குக்கர் ஒன்று கட்டாயம், அதற்கப்பால் ஒரு வாணலி, ஒரு கரண்டி, ஒரு டிக்காஷன் ஃபில்டர், அவ்வளவுதான். அரிசி பருப்பை அரை மணி நேரம் ஊறப்போட்டு, இரண்டு விசில் வந்ததும் அடுப்பை அணைத்து, குக்கரை அப்படியே கெட்டிக் கம்பளியில் சுற்றி மூலையில் வைத்துவிடுங்கள். அரை மணி கழித்துத் திறந்தால் பொங்கல் குழைந்திருக்கும், கேஸும் மிச்சம்.

முதல் நாள் அடுப்பே பற்றவைக்க வேண்டாம், கட்டுச்சோறுதான். காலைக்கும் மதியத்துக்கும் புளியோதரை, பையனுக்குத் தயிர் சாதம். சாதத்தைப் பால் விட்டுப் பிசைந்து ஒரு கரண்டி மோர் சேர்த்தால் புளிக்காமல் சாப்பாட்டு நேரத்துக்குத் தயிராகி நிற்கும். தேங்காய்ச் சட்னி மதியம் தாண்டாது, அதற்குப் பதில் எண்ணெயில் நன்றாக வதக்கிய பூண்டு மிளகாய்ச் சட்னி, தக்காளித் தொக்கு, பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல் பாட்டில். சாயங்காலம் மூடுபனியில் உட்கார்ந்து சாப்பிட நம்ம ஊர்த் தட்டுவடையை விட வேறென்ன வேணும், வடையைக் காற்றுப் புகாத டப்பாவில் தனியாக வைத்து, கேரட் பீட்ரூட்டை அங்கே போய்த் துருவி, இரண்டு வடைக்கு நடுவே வைத்து செட் போட்டுக்கொள்ளுங்கள். அவல் அரைக் கிலோ கட்டாயம் இருக்கட்டும், மழையில் அடுப்பு பிடிக்காத நேரத்தில் வெல்லமும் அவலும் போதும்.

காய்கறியில் கீரை, பீன்ஸ் முதல் நாளே தீரட்டும். உருளை, சேனை, கேரட், வெங்காயம் கடைசிக்கு. உழவர் சந்தையில் வாங்கும்போதே ஒரு கட்டு வாழையிலையும் வாங்கிவிடுங்கள், தட்டு கழுவும் தண்ணீர் மொத்தமும் மிச்சம். குக்கரைப் பழைய பேப்பரால் துடைத்துவிட்டுக் கழுவினால் அரை லிட்டரில் முடியும்.

அடுப்பை வண்டிக்குள்ளேயே வைக்கலாமா? ராத்திரிக் குளிருக்குக் கரி நெருப்பு? (வாசகர், ஆத்தூர்)

கரி நெருப்பை வண்டிக்குள் கொண்டுவரவே கூடாது. அது விடுகிற கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை, தூக்கத்திலேயே உயிர் போய்விடும். இதை நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். குளிருக்குக் கம்பளி, காலுக்கு சாக்ஸ், வெந்நீர்ப் பை. ஜன்னல் இரண்டை விரலளவு திறந்து கொசுவலை கட்டுங்கள், இல்லாவிட்டால் நம் மூச்சே கண்ணாடியில் தண்ணீராகி விடியற்காலையில் படுக்கையில் சொட்டும்.

கேஸ் அடுப்பும் வெளியேதான், தள்ளு கதவுக்கு அந்தப் பக்கம், காற்றுக்கு மறைப்பு வைத்து. வீட்டு 14.2 கிலோ சிலிண்டர் காலியாகவே 15 கிலோ இருக்கும், வண்டிக்கு அது ஆகாது. சமையல் கேஸ் காற்றை விடக் கனம், கசிந்தால் தரையில் தேங்கும், நீங்களும் அங்கேதான் படுத்திருப்பீர்கள். பியூட்டேன் குப்பி அடுப்பு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: டிசம்பர் காலைக் குளிரில் தீ சோர்ந்துவிடும், குப்பி பழுதில்லை, வெயில் ஏறினால் சரியாகும். அதை அடுப்பருகே வைத்துச் சூடேற்ற வேண்டாம்.

எங்கே நிறுத்தித் தூங்குவது? (வாசகி, தாரமங்கலம்)

காப்புக் காட்டில் அனுமதியில்லாமல் நிறுத்தக் கூடாது, வியூபாயின்ட் ஓரமும் வேண்டாம். காபித் தோட்டக்காரரையோ ஹோம்ஸ்டே நடத்துபவரையோ முன்கூட்டியே கேட்டு, அவர்கள் வளாகத்துக்குள் சமதளமாக இடம் பார்த்து நிறுத்துங்கள். சேர்வராயன் கோயில் 5,326 அடி உயரத்தில் இருக்கிறது, பகலில் போய்க் கும்பிட்டுவிட்டு வாருங்கள், ராத்திரிக் காற்று அங்கே பொல்லாதது. தோட்டங்களில் காட்டெருமை நடமாட்டம் உண்டு. இருட்டிய பிறகு இறங்கி நடக்காதீர்கள், எதிரே நின்றால் ஹார்ன் அடிக்காமல் அது போகும்வரை காத்திருங்கள். பழத்தோல், இலை எல்லாவற்றையும் மூடியுள்ள வாளியில் போட்டுச் சேலத்துக்கே கொண்டுவாருங்கள், வெளியே வைத்தால் குரங்கு பிரித்துப்போடும்.

இவ்வளவு பாரத்தோடு மலை இறங்கப் பயமாக இருக்கிறது. (வாசகர், கொண்டலாம்பட்டி)

சேலம் ரோட்டில் 20 கொண்டை ஊசி வளைவு. மிச்சத் தண்ணீரை இறங்கும் முன் செடிக்கு ஊற்றிவிடுங்கள், ஒரு பாட்டில் போதும். இரண்டாவது கியரிலேயே இறங்கி, வளைவுக்கு முன் மட்டும் பிரேக்கை அழுத்திவிட்டுக் காலை எடுங்கள். ஏறி வருகிற வண்டிக்கு வழி விடுங்கள். கருகின வாடை வந்தால் அகலமான இடத்தில் ஒதுக்கி நிறுத்தி, தானாக ஆறும்வரை காத்திருங்கள், சூடான சக்கரத்தின் மேல் தண்ணீர் ஊற்ற வேண்டாம்.