ஓடுதளம் இருக்கிறது, விமானம் எப்போது வரும்? – வாசகர் கேள்வி பதில்

சின்ன ஊர் விமான நிலையங்களைப் பற்றிக் கேளுங்கள் என்று சொன்னதும் கடிதங்கள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்து ஆறாகச் சுருக்கியிருக்கிறேன். விமான நிறுவனம் ஒன்றில் எந்த ஊருக்கு விமானம் விடலாம் என்று கணக்குப் பார்க்கும் பிரிவில் பல வருடம் உட்கார்ந்திருந்தவன் நான். அந்த மேஜைக்கு அந்தப் பக்கத்திலிருந்து பார்த்ததைத்தான் சொல்கிறேன்.

கேள்வி: எங்கள் ஊர் பதினைந்து வருடத்தில் இரண்டு மடங்காக வளர்ந்துவிட்டது. ஊருக்கு வெளியே விமான நிலையம் இருக்கிறது, ஆனால் பயிற்சி விமானங்கள் மட்டும்தான் இறங்குகின்றன. பெரிய விமான நிலையத்துக்கு மூன்று மணி நேரம் காரில் போகிறோம். ஓடுதளம் சும்மா கிடக்கும்போது ஏன் ஒரு நிறுவனமும் எட்டிப் பார்ப்பதில்லை?

உங்கள் ஓடுதளம் சும்மா கிடக்கிறது, சரி. அவர்களுடைய விமானம் சும்மா கிடக்கவில்லையே. காலை ஆறு மணிக்குக் கிளம்பி இரவு பத்து வரை அது ஏதோ ஒரு வழித்தடத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. அங்கிருந்து இரண்டு மணி நேரத்தைப் பிடுங்கி உங்கள் ஊருக்குக் கொடுக்க வேண்டும் என்றால், அந்த இரண்டு மணி நேரத்தில் இப்போது வருவதைவிட அதிகம் வர வேண்டும். பேச்சு முழுக்க இதைச் சுற்றித்தான்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஏடிஆர் 72 போன்ற டர்போபிராப் (இறக்கையில் சுழலும் விசிறி வைத்த) விமானத்தில் சுமார் 70 இருக்கை. தினமும் இரண்டு முறை வந்து போனால் ஒரு நாளைக்கு 280 இருக்கை, வருடத்துக்கு ஒரு லட்சத்தைத் தாண்டும். முக்கால்வாசி நிரம்பினால் போதும் என்று வைத்துக்கொண்டாலும் தினம் 105 பேர் கிளம்ப வேண்டும், 105 பேர் வர வேண்டும், அதுவும் மழைக்காலச் செவ்வாய்க்கிழமையிலும். 2024இல் உலக விமான நிறுவனங்களின் சராசரி நிரம்பல் 83.5 சதவீதம் என்பதால் முக்கால்வாசி என்பது அவர்களுக்குப் பெரிய சந்தோஷமும் இல்லை.

அந்த 105 பேர் உங்கள் ஊரில் அநேகமாக இப்போதே இருக்கிறார்கள். மூன்று மணி நேரம் காரில் போய் வேறு ஊர்க் கணக்கில் ஏறிக்கொண்டிருப்பதால் கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். முதல் வேலை அவர்களை எண்ணுவது.

ஒரு முறை இரண்டு ஊர்க்காரர்கள் ஒரே மாதத்தில் எங்களைப் பார்க்க வந்தார்கள். முதலில் வந்தவர்கள் பளபளப்பான புத்தகம் கொண்டுவந்தார்கள், ஓடுதளத்தின் வான்வழிப் படம், மக்கள்தொகை வரைபடம், முக்கியஸ்தர்களின் வாழ்த்துச் செய்தி. இரண்டாவதாக வந்தவர்கள் நீல அட்டை போட்ட நோட்டு ஒன்றை மேஜையில் வைத்தார்கள். ஊரிலிருந்த டிராவல் ஏஜென்டுகளைச் சம்மதிக்க வைத்து, மூன்று மாதம், விற்ற ஒவ்வொரு டிக்கெட்டையும் பால்பாயின்ட் பேனாவில் எழுதியிருந்தார்கள்: தேதி, ஏறிய இடம், கடைசியாகப் போய்ச் சேரும் ஊர், திரும்பும் நாள். பெயர் எதுவும் கிடையாது. திங்கட்கிழமைப் பக்கங்களில் வரிகள் நெருக்கியடித்து ஓரம் வரை வந்திருந்தன, புதன்கிழமைப் பக்கம் பாதி காலி. பாதிக்கு மேற்பட்டவர்கள் பெரிய நகரத்தில் நிற்காமல் அங்கிருந்து இன்னொரு விமானம் பிடித்துப் போகிறார்கள் என்பதும் அதில் தெரிந்தது. அப்படியானால் காலை விமானம் எட்டு மணிக்குள் பெரிய நகரத்தில் இறங்கியாக வேண்டும், இல்லாவிட்டால் இணைப்பு தவறிவிடும். எங்கள் ஆட்கள் அந்த நோட்டை நகலெடுத்து வைத்துக்கொண்டார்கள். நீங்களும் அதைச் செய்யுங்கள். ஆலை, கல்லூரி, மருத்துவமனை என்று வெளியூர் ஆட்கள் வந்து போகும் இடங்களிலும் கேளுங்கள், ஏனென்றால் உள்ளே வருபவர்களும் பாதிக் கணக்கு.

கேள்வி: 70 பேர் கிடைக்காவிட்டால் 19 இருக்கை விமானம் விடலாமே?

விடலாம், சில தீவுகளிலும் மலை ஊர்களிலும் விடுகிறார்கள். ஆனால் பயணிகள் சேவை என்றால் பொதுவாக 19 பேருக்கும் இரண்டு விமானிகள் வேண்டும், 70 பேருக்கும் அதே இரண்டு பேர்தான். ஆளுக்கு ஆகும் செலவு ஏறிவிடும். விமானி கிடைப்பதும் ஒரு பிரச்சனை. 2009இல் பஃபலோ அருகே நடந்த விபத்துக்குப் பிறகு அமெரிக்காவில் சட்டத்தை மாற்றினார்கள், 2013இலிருந்து துணை விமானிக்கும் பொதுவாக 1,500 மணி நேரப் பறத்தல் அனுபவம் வேண்டும். அதற்குப் பிறகு விமானிகள் பற்றாக்குறை வந்தபோது பெரிய விமானங்களுக்குத்தான் ஆள் போனது, சின்ன ஊர்கள் முதலில் அடிபட்டன.

கேள்வி: எங்கள் ஓடுதளம் 1,500 மீட்டர்தான். 2,500 மீட்டராக்கினால் பெரிய ஜெட் வரும், அதற்கு நிலம் எடுக்க வேண்டும் என்கிறார்கள். சரியா?

அவசரப்படாதீர்கள். கடல் மட்டத்தில், மிதமான வெயிலில், ஏடிஆர் 72க்குச் சுமார் 1,300 முதல் 1,400 மீட்டர் போதும். உங்கள் ஊர் உயரத்தில் இருந்தாலோ வெயில் கடுமையாக இருந்தாலோ காற்று மெலிந்து போகும், கூடுதல் நீளம் கேட்கும் அல்லது சில இருக்கைகளைக் காலியாக விட்டுப் பறக்க வேண்டியிருக்கும். நார்வேயில் 800 மீட்டர் ஓடுதளங்களில் 39 இருக்கை டாஷ் 8 விமானங்கள் பல பத்தாண்டுகளாகத் தினமும் இறங்குகின்றன. லண்டன் நகர விமான நிலையத்தின் ஓடுதளமே 1,508 மீட்டர்தான்.

மறுபக்கத்தையும் பாருங்கள். இலங்கையில் மத்தல விமான நிலையத்துக்கு 3,500 மீட்டர் ஓடுதளம் போட்டு 2013 மார்ச்சில் திறந்தார்கள், வருடத்துக்குப் பத்து லட்சம் பயணிகள் என்று முனையம் கட்டினார்கள். விமானங்கள் வரவில்லை, ஒரு கட்டத்தில் அங்கிருந்த கிடங்கில் நெல் மூட்டைகளை அடுக்கினார்கள். ஸ்பெயினில் சியுதாத் ரியால் விமான நிலையத்தின் ஓடுதளம் நான்கு கிலோமீட்டர். 2008இல் திறந்தது, 2012இல் மூடியது. அதே நாட்டின் காஸ்தெயோன் விமான நிலையத்தை 2011இல் திறந்து வைத்தார்கள், முதல் வழக்கமான பயணிகள் விமானம் வந்தது 2015 செப்டம்பரில். நீளம் யாரையும் கூட்டிக்கொண்டு வராது.

அந்தப் பணத்தில் கொஞ்சத்தை வேறு இடத்தில் போடுங்கள். ஓடுதளத்தின் மேல்பரப்பு 23 டன் விமானம் தினமும் இறங்குவதைத் தாங்குமா, கடைக்கோடியில் பாதுகாப்புப் பரப்பு இருக்கிறதா, இறங்கும் பாதையில் மரமோ செல்போன் கோபுரமோ வளர்ந்து நிற்கிறதா, இதெல்லாம்தான் உரிமம் கொடுப்பவர்கள் பார்ப்பது. முக்கியமானது தீயணைப்பு. சர்வதேச விதிப்படி அழைப்பு வந்த மூன்று நிமிடத்துக்குள் முதல் வண்டி ஓடுதளத்தின் எந்த மூலைக்கும் போய்ச் சேர்ந்து நுரையைப் பீய்ச்ச வேண்டும். நான் ஒரு ஒத்திகையை ஓடுதளத்தின் ஓரத்தில் நின்று பார்த்திருக்கிறேன். ஸ்டாப்வாட்ச் பிடித்தவர் வாயே திறக்கவில்லை. வண்டி புறப்பட்டு, வளைந்து, கடைசி மூலையில் நுரை விழுந்தபோது 2 நிமிடம் 50 விநாடி. தாமதத்துக்குக் காரணம் வண்டி இல்லை, கொட்டகையின் கதவு கையால் திறக்கும் கதவு. அதை மாற்றச் சொல்லி எழுதிவிட்டுப் போனார். வண்டி வாங்கினால் மட்டும் போதாது, பயிற்சி பெற்ற ஆட்கள் விமானம் வரும் ஒவ்வொரு மணி நேரமும் அங்கே இருக்க வேண்டும், அவர்களுக்கு மாதாமாதம் சம்பளம் போக வேண்டும். சின்ன விமான நிலையங்களின் பட்ஜெட்டை உறிஞ்சுவது இந்த மாதிரித் தினசரிச் செலவுதான்.

கேள்வி: விமான நிறுவனத்துக்கு நஷ்டம் வந்தால் ஊர்ப் பணத்திலிருந்து ஈடுகட்ட வேண்டுமாம். விமானத்தில் போகிறவர்கள் கொஞ்சம் பேர், வரி கட்டுகிறவர்கள் எல்லாரும். இது என்ன நியாயம்?

நியாயமான கோபம். அமெரிக்காவில் 1978இல் விமானக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியபோது சின்ன ஊர்களுக்குச் சேவை அற்றுப்போகக் கூடாது என்று ஒரு மானியத் திட்டம் கொண்டுவந்தார்கள், இன்றும் இருக்கிறது. ஐரோப்பாவில் பொதுச்சேவைக் கடமை என்ற பெயரில் தருகிறார்கள். இந்தியாவில் சின்ன ஊர்களை விமானத்தால் இணைக்கும் உடான் திட்டம், அதன் முதல் விமானம் 2017 ஏப்ரல் 27இல் சிம்லாவுக்கும் டெல்லிக்கும் நடுவே பறந்தது.

ஊர்கள் நேரடியாகச் செய்யும் ஏற்பாடு வேறு. மாத வருமானம் இவ்வளவு என்று ஒரு தொகையை இரண்டு தரப்பும் ஒப்புக்கொள்ளும், குறைந்தால் வித்தியாசத்தை ஊர் தரும், கூடினால் ஒன்றும் தர வேண்டாம். சில இடங்களில் உள்ளூர்க் கம்பெனிகள் பின்னால் வாங்கப்போகும் டிக்கெட்டுக்கு முன்கூட்டியே பணம் போட்டு வைக்கின்றன. எனக்கு இந்த இரண்டாவது முறை பிடிக்கும், பறப்பவர்களே பணத்தைப் போடுகிறார்கள்.

பொதுப் பணம் கொடுக்கக் கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். சாலைக்குக் கொடுக்கிறோம், பேருந்துக்குக் கொடுக்கிறோம். ஆனால் உச்சவரம்பு வேண்டும், முடியும் தேதி வேண்டும், ஒவ்வொரு மாதமும் எத்தனை பேர் ஏறினார்கள் என்பதைப் பொதுவில் ஒட்ட வேண்டும். ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், உடான் திட்டத்தை ஆராய்ந்த இந்தியத் தணிக்கைத் துறைத் தலைவரின் 2023 அறிக்கைப்படி, முதல் மூன்று கட்டங்களில் ஒதுக்கிய 774 வழித்தடங்களில் 403 தொடங்கவே இல்லை. தொடங்கிய 371இல் மானியம் கிடைக்கும் மூன்று வருடச் சலுகைக் காலத்தை முழுதாக ஓட்டியவை 112, அதற்குப் பிறகும் நீடித்தவை 54. மானியம் நின்ற மறுநாள் டிக்கெட் என்ன விலை, அந்த விலைக்கு யார் வாங்குவார்கள் என்ற கேள்விக்கு முதல் நாளே பதில் வைத்திருங்கள்.

கேள்வி: நான் ஓய்வு பெற்ற ஆசிரியை. ஓடுதளத்திலிருந்து ஒரு கிலோமீட்டரில் வீடு. விமானம் வந்தால் வளர்ச்சி என்கிறார்கள். சத்தத்தைப் பற்றிப் பேசினால் ஊருக்கு எதிரி மாதிரிப் பார்க்கிறார்கள்.

நீங்கள் எதிரி இல்லை, அம்மா. அமெரிக்காவில் எவரெட் நகரத்தின் பெய்ன் ஃபீல்டில் 1970களின் இறுதியிலேயே பயணிகள் விமானம் வேண்டாம் என்ற கொள்கை வந்தது, பல பத்தாண்டு வாதத்துக்குப் பிறகு 2019 மார்ச் 4இல்தான் சேவை தொடங்கியது, அதுவும் இரண்டே வாசல் உள்ள சின்ன முனையத்திலிருந்து. அந்த விமான நிலையத்தை ஒட்டியே போயிங் தொழிற்சாலை இருக்கிறது, அப்படியும் மக்கள் கேள்வி கேட்டார்கள்.

நீங்கள் கேட்க வேண்டியவை: சத்தம் எந்தெந்தத் தெரு வரை எவ்வளவு வரும் என்று காட்டும் வரைபடம், இரவு பத்து மணிக்கு மேல் விமானம் இல்லை என்ற எழுத்துப்பூர்வமான உறுதி, கிளம்பும் விமானம் எந்தப் பக்கம் திரும்பும் என்ற விவரம். சேவை தொடங்குவதற்கு முன்னால் கேளுங்கள், தொடங்கிய பிறகு நேரத்தை மாற்றுவது மிகக் கஷ்டம். இன்னொன்றையும் சேர்த்துக் கேளுங்கள்: ஓடுதளத்தின் இரண்டு முனைகளுக்கு நேரே இனி வீட்டுமனை பிரிக்க அனுமதிக்கக் கூடாது. வளரும் ஊரில் அந்த நிலம்தான் மலிவாக இருக்கும், அங்கேதான் முதலில் மனை போடுவார்கள்.

கேள்வி: எங்கள் ஊரில் எட்டு மாதம் முன்பு விமானம் வந்தேவிட்டது. வாரத்துக்கு மூன்று நாள், மதியம் ஒரு மணிக்கு. பாதி காலியாகப் போகிறது, நிறுத்திவிடுவார்கள் என்று பேச்சு. என்ன செய்யலாம்?

மதியம் ஒரு மணி என்றதுமே புரிகிறது, மிச்சமிருந்த நேரத்தை உங்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள். காலையில் போய் வேலையை முடித்து இரவு திரும்ப முடியாத விமானத்தில் வியாபாரிகள் ஏற மாட்டார்கள். வாரத்துக்கு மூன்று நாள் என்றால் திரும்பும் தேதியும் நம் கையில் இல்லை, அதனால் ஊரே பழையபடி காரில் போகிறது. மூன்று நாள் விமானத்தில் கூட்டம் இல்லை என்பதை வைத்து தினசரி விமானத்துக்கும் கூட்டம் வராது என்று முடிவு கட்ட முடியாது. இதை நிறுவனத்திடம் எடுத்துச் சொல்லியாக வேண்டும்.

எத்தனை முறை ரத்தானது என்றும் பாருங்கள். பனிமூட்டத்தில் இறங்க முடியாமல் இரண்டு முறை திரும்பிப் போயிருந்தால் மூன்றாவது முறை யாரும் நம்பி டிக்கெட் எடுப்பதில்லை. இப்போது செயற்கைக்கோள் வழிகாட்டுதலில் இறங்கும் முறைகள் இருக்கின்றன, பல இடங்களில் தரையில் விலையுயர்ந்த கருவி இல்லாமலேயே அமைக்கிறார்கள். உங்கள் ஊருக்கு அது உண்டா என்று விமான நிலைய அதிகாரிகளிடம் கேளுங்கள்.

அப்புறம், விமானம் இறங்கியதும் ஊருக்குள் வர பேருந்து இருக்கிறதா? ஒரு மணி நேரம் பறந்துவிட்டு ஒரு மணி நேரம் வாசலில் வண்டிக்கு நின்றவர் அடுத்த முறை வர மாட்டார். இது நகராட்சி ஒரு வாரத்தில் செய்யக்கூடிய வேலை.

விமான அட்டவணை வருடத்துக்கு இரண்டு முறை மாறும், மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும். அதற்குப் பல மாதம் முன்பே எந்த விமானம் எங்கே என்று தீர்மானித்துவிடுவார்கள். மார்ச் அட்டவணையில் காலை நேரம் வேண்டும் என்றால் கோரிக்கை செப்டம்பருக்குள் அவர்கள் கையில் இருக்க வேண்டும். யார் யார் காலை விமானத்தில் போவார்கள், வாரத்தில் எந்த நாள், எந்த ஊருக்கு என்று கம்பெனிகளிடமிருந்து கையெழுத்தோடு வாங்குங்கள். மேலே சொன்ன நோட்டு மாதிரி ஒன்றைப் போட ஆரம்பித்துவிட்டால் மூன்று மாதத்தில் கையில் கணக்கு இருக்கும்.