கைவிடப்பட்ட பசுமைக்குடிலைச் சரிசெய்து புதிதாகத் தோட்டம் தொடங்கலாமா?

வாங்கிய நிலத்தில் பழைய பசுமைக்குடில் ஒன்று கிழிந்து கிடக்கிறது, தோட்ட அனுபவம் இல்லை, எதிலிருந்து ஆரம்பிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக ஆரம்பிக்கலாம். ஷீட்டுக்கு விலை விசாரிப்பதற்கு முன்னால் மண்ணைப் பாருங்கள்.

ஓசூர் பக்கம் எங்களுக்கும் இப்படி 12 சென்ட் குடில் ஒன்று வந்து சேர்ந்தது. குடைமிளகாய் போட்டு, பிறகு மூன்று வருஷம் சும்மா கிடந்தது. மேல் ஷீட் நார்நாராகத் தொங்கியது, உள்ளே இடுப்பளவு களை. நான் அளவு டேப்பும் கையுமாகச் சுற்றிக்கொண்டிருந்தபோது பக்கத்துத் தோட்டத்து அண்ணன் வந்தார். "அது கெடக்கட்டும் தம்பி, மொதல்ல ஒரு செடியப் புடுங்கிப் பாரு" என்றார். தானாக முளைத்திருந்த தக்காளிச் செடி ஒன்றைப் பிடுங்கி வேரை வாளித் தண்ணீரில் அலசினேன். வேர் முழுக்க மிளகைக் கோத்தது போல முடிச்சு முடிச்சாக இருந்தது. வேருக்குள் புகுந்து சத்தை உறிஞ்சும், கண்ணுக்குத் தெரியாத வேர்முடிச்சு நூற்புழுவின் வேலை அது! அன்றைக்கு அவர் வராமல் இருந்திருந்தால், புது ஷீட்டுக்குக் கீழே அதே புழுவுக்குத் தீனி போட்டிருப்பேன்.

தக்காளி, குடைமிளகாய், வெள்ளரி என்று அதற்குப் பிடித்த பயிரையே மாற்றி மாற்றிப் போட்டால் இந்தப் புழு பெருகிவிடும். பயிர் இல்லாத காலத்தில் களை வேரில் பிழைத்துக்கொள்ளும். குடில் மண்ணுக்கு இன்னொரு தொல்லை உப்பு. மழை படாமல், சொட்டுநீரில் உரம் மட்டும் போய்க்கொண்டே இருந்தால் உப்பு மேலேயே தங்கும். எங்களுக்கு ஷீட் கிழிந்ததே நல்லதாயிற்று. மழை கழுவிவிட்டதால் மண் பரிசோதனையில் உப்பு குறைவாகவே வந்தது.

வெயில் சூட்டிலேயே புழுவைக் கொல்லலாம் என்று ஏப்ரலில் களையை வேரோடு அகற்றி, நன்றாகத் தண்ணீர் கட்டி, நிறமில்லாத மெல்லிய பாலித்தீனைத் தரையோடு ஒட்டப் போர்த்தினோம். ஓரமெல்லாம் மண் போட்டு மூடி ஆறு வாரம் அப்படியே விட்டோம். கறுப்பு ஷீட் இதற்கு அவ்வளவாக உதவாது, சூட்டை அதுவே வாங்கிக்கொள்ளும். பிறகு வேப்பம் புண்ணாக்கும், டிரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூஞ்சை கலந்த தொழுவுரமும் போட்டு, இந்தப் புழுவை அடக்கும் செண்டுமல்லியை ஒரு பருவம் வைத்தோம். புழு அடியோடு ஒழியவில்லை, ஆனால் அடுத்து வந்த பயிர் தாங்கியது.

குடிலின் குழாய்க் கூடு பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். குழாய் மண்ணைத் தொடும் இடத்தைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள், துரு அங்கேதான் தின்னும். ஷீட் 200 மைக்ரான் தடிமனில், புற ஊதாக் கதிரைத் தாங்குவதாக வாங்குங்கள். வெயிலில் காயும் குழாய்மேல் படும் இடத்தில்தான் அது முதலில் கிழியும் என்பதால், குழாய்க்கு வெள்ளை பெயிண்ட் அடித்துவிடுங்கள். கந்தக மருந்து அடிக்கடி அடித்தாலும் ஷீட்டின் ஆயுள் குறையும். பக்கவாட்டில் 40 மெஷ் (ஓர் அங்குலத்துக்கு 40 கண்) பூச்சி வலையும், சுருட்டி ஏற்றும் திரையும் கட்டாயம் வேண்டும். காற்றோட்டம் இல்லாத குடில் ஏப்ரல், மே மாதங்களில் செடியை வேகவைத்துவிடும்.

முதல் பயிராகக் குடைமிளகாய் வேண்டாம். இலைப்பேனும் சிலந்திப்பேனும் புதியவரைத் திணறடித்துவிடும். மழைக்காலத்தில் கொத்தமல்லி போடுங்கள். வெளியே மழையில் சாய்ந்து அழுகும்போது உங்களுடையது நிமிர்ந்து நிற்கும், தண்ணீர் விடும் அளவும் கைக்குப் பழகும். அடுத்து, தேனீ இல்லாமலே காய்க்கும் குடில் வெள்ளரி ரகம் வைக்கலாம்.

நாளைக் காலை ஒரு செடியைப் பிடுங்கி, வேரை அலசிப் படம் போடுங்கள். பார்த்துச் சொல்கிறேன்.