வக்கீல் படிப்பு வேண்டாம் என்று தயங்கும் சேலத்து அப்பாவுக்கு

உங்கள் மகள் பி.எஸ்சி. கணிதம் முடித்துவிட்டுச் சட்டம் படிக்கிறேன் என்கிறாள். வீட்டில் யாரும் வக்கீல் இல்லையே, சேலம் கோர்ட்டில் என்ன சம்பாதித்துவிட முடியும், அரசியல் பக்கம் போய்விடுவாளோ என்றெல்லாம் கவலைப்பட்டு எழுதியிருக்கிறீர்கள்.

உங்கள் ஊர்ப் பெயரோடு சேர்த்தே அறியப்பட்ட சேலம் விஜயராகவாச்சாரியாரை எடுத்துக்கொள்ளுங்கள். 1852ல் பொன்விளைந்த களத்தூரில் பிறந்தவர், தந்தை புரோகிதர். சென்னை பிரசிடென்சி கல்லூரியில் பட்டம் வாங்கி, சேலத்தில் கல்லூரி ஆசிரியராக இருந்தார். வகுப்புக்குப் போகாமல் தானே படித்துச் சட்டத் தேர்வு எழுதி, 1881ல் வக்கீலானார். அந்தக் காலத்தில் கல்லூரி வரை போகும் வாய்ப்பே மிகச் சிலருக்குத்தான் இருந்தது. அதையும் மறக்கக் கூடாது.

மறு வருஷமே சேலத்தில் மதக் கலவரம். தூண்டிவிட்டார் என்று பத்து ஆண்டு தண்டனை விதித்தார்கள். உயர் நீதிமன்றம் வரை போராடி விடுதலையானார். அத்தோடு விட்டாரா? நகர சபை உறுப்பினராக இருந்த தன்னை அந்தப் பதவியிலிருந்து நீக்கியது செல்லாது என்று அரசாங்கத்தின் மேலேயே வழக்குப் போட்டார். 1884ல் ஜெயித்தார். என்னைக் கேட்டால் அவர் வாழ்க்கையில் முக்கியமான இடம் இதுதான். தொழிலுக்கு வந்து மூன்றே வருஷம் ஆன வக்கீல், எதிரே அரசாங்கம். 1895ல் சென்னை சட்டசபைக்குப் போனதும், 1920ல் நாக்பூரில் நடந்த காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை வகித்ததும் அதற்கப்புறம்தான். ஊர்ப் பிரச்சினையைக் கையில் எடுத்த வக்கீலைத் தேடி அரசியல் வந்தது. அதைக் கெட்ட வழியாக நினைக்காதீர்கள்.

சரி, இன்றைய நிலைமை. அவரைப்போல வீட்டிலிருந்தே படிக்க இப்போது முடியாது. தபால் வழிச் சட்டப் பட்டத்தை வைத்து வக்கீலாகப் பதிவு செய்ய முடியாது. அப்படி விளம்பரம் பார்த்தால் நம்பாதீர்கள். பட்டதாரிக்கு மூன்றாண்டுப் படிப்பு. அப்புறம் வக்கீல்களைப் பதிவு செய்யும் அமைப்பான பார் கவுன்சிலில் பதிவு, வக்கீல் தொழில் செய்யத் தகுதி தரும் அகில இந்திய பார் தேர்வு. பதிவுக் கட்டணம் பொதுப் பிரிவுக்கு 750 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி. பிரிவுக்கு 125 ரூபாய். அதற்கு மேல் கேட்கக் கூடாது என்று 2024ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நீதிபதி ஆசை இருந்தால், சிவில் நீதிபதி தேர்வுக்கு மூன்று ஆண்டு அனுபவம் வேண்டும் என்று 2025ல் தீர்ப்பு வந்திருக்கிறது.

கஷ்டம், மூத்த வக்கீலிடம் ஜூனியராக வேலை பழகும் காலத்தில்தான். காலையில் கேஸ் கட்டைத் தூக்கிக்கொண்டு முன்சீப் கோர்ட்டுக்குப் போய், வாய்தா தேதியைக் குறித்து, மாலையில் சீனியர் சொல்லச் சொல்லப் பிராது, அதாவது வழக்கு மனு, எழுத வேண்டும். கையில் வருவது பஸ் செலவுக்குச் சரியாக இருக்கும். பெண் பிள்ளை என்று சீக்கிரமே கல்யாணப் பேச்சை எடுத்து இந்த வருஷங்களைக் குறைத்துவிடாதீர்கள். இரண்டு மூன்று வருஷம் வீட்டுச் செலவுக்கு அவள் வருமானத்தை எதிர்பார்க்காமல் இருக்க முடியுமா என்று இப்போதே கணக்குப் போடுங்கள். முடியும் என்றால் விண்ணப்பியுங்கள். சீனியரைத் தேடும்போது பெரிய பெயரைப் பார்க்க வேண்டாம். சிவில் வழக்கு நிறைய நடத்துகிறாரா, ஜூனியருக்கு வாதாட வாய்ப்புக் கொடுக்கிறாரா என்று அவருடைய குமாஸ்தாவிடம் விசாரியுங்கள்.