உட்கார்ந்தால் 168, எழுந்தால் தலைச்சுற்றல்

கேள்வி: என் தந்தைக்கு வயது 72. உட்கார்ந்த நிலையில் பலமுறை பார்த்தும் இரத்த அழுத்தம் 168/70 அளவில்தான் இருக்கிறது. ஆனால், காலையில் படுக்கையைவிட்டு எழுந்ததும் தலை சுற்றுகிறது என்கிறார். வயதோடு நூறைக் கூட்டினால் வரும் அளவு இயல்பானது என்கிறார்கள் உறவினர்கள். மாத்திரையைக் குறைத்துவிடலாமா?

பதில்: நூறைக் கூட்டும் கணக்கை முதலில் மறந்துவிடுங்கள், 168 என்பது எந்த வயதிலும் உயர் இரத்த அழுத்தமே. அழுத்தம் மிகுவதும் எழுந்ததும் சரிவதும் முரணாகத் தோன்றினாலும், முதுமையில் இரண்டுக்கும் தமனிகளின் விறைப்பு ஒரு முக்கியக் காரணம்.

இளமையில் பெருந்தமனி, இதயம் சுருங்கும்போது விரிந்து இரத்தத்தை ஏற்றுக்கொண்டு, இதயம் தளரும்போது தானும் சுருங்கி அதை முன்னே தள்ளுகிறது. இந்த நெகிழ்வைத் தரும் எலாஸ்டின் இழைகள் பல்லாண்டுத் துடிப்பில் நைந்து அறுந்துபோக, விறைப்பான கொலாஜன் என்னும் நார்ப்புரதம் மிகுந்துவிடுகிறது. அதனால் மேல் அளவு ஏறுகிறது, கீழ் அளவு இறங்குகிறது. உங்கள் தந்தைக்கு இரண்டுக்கும் இடைவெளி 98. வழக்கமாக அது 40ஐ ஒட்டியிருக்கும். ஆகவே, கீழ் அளவு 70தானே என்று ஆறுதல் அடைய வேண்டாம்.

கழுத்துத் தமனியிலும் பெருந்தமனி வளைவிலும் உள்ள நரம்பு முனைகள், தமனிச் சுவர் எவ்வளவு இழுபடுகிறது என்பதைக் கொண்டே அழுத்தத்தை உணர்கின்றன. விறைத்த சுவர் சரியாக இழுபடாததால் அவற்றின் கூர்மை மங்குகிறது. நாம் எழுந்து நிற்கும்போது அரை லிட்டருக்குக் குறையாத இரத்தம் கால்களுக்கும் வயிற்றுக்கும் இறங்குகிறது. இளைஞரின் உடல் நாடித்துடிப்பைக் கூட்டி, நாளங்களை இறுக்கிச் சில நொடிகளில் இதை ஈடுகட்டிவிடும். முதியவரின் உடலுக்கு அந்த வேகம் இருப்பதில்லை.

தந்தையை 5 நிமிடம் படுக்கவைத்து ஒருமுறையும், பிறகு எழுந்து நின்ற 1ஆம், 3ஆம் நிமிடங்களிலும் அளந்து பாருங்கள். அருகில் ஒருவர் நிற்க வேண்டும். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால், அதை அவசியம் மருத்துவரிடம் சொல்லுங்கள். சிறுநீர் பிரிக்கும் மாத்திரை, புராஸ்டேட்டுக்கான சில மாத்திரைகள், நீரிழப்பு ஆகியவையும் இந்தச் சரிவை உண்டாக்கும். மாத்திரையை நீங்களாகக் குறைக்காதீர்கள். கட்டுப்படாத உயர் அழுத்தமே இந்தச் சரிவை மோசமாக்குவதும் உண்டு. மருந்தின் வகையை மாற்றுவதா, வேளையை மாற்றுவதா என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும்.

அதுவரை, காலையில் கட்டில் விளிம்பில் ஓரிரு நிமிடம் அமர்ந்து, கணுக்கால்களை மேலும் கீழும் அசைத்த பிறகே அவர் எழட்டும். மயங்கி விழுந்தாலோ, நெஞ்சு வலித்தாலோ, பேச்சு குழறினாலோ, அளந்துகொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.