ராஜ்ய மன்றத்தை விட்டு வந்தாச்சு, இனி யாரிடம் போவது?

கோவையிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "யெகோவாவின் சாட்சியாக வளர்ந்தேன், பதினேழு வயதில் ஞானஸ்நானம். இப்போது 34. ஒரு வருடமாக ராஜ்ய மன்றத்தில் நடக்கும் சபைக் கூட்டங்களுக்குப் போவதில்லை, விலகல் கடிதம் எதுவும் கொடுக்கவில்லை. அம்மா பேசுகிறார். ஆனால் சேர்ந்து வீடு வீடாகப் பிரசங்க ஊழியத்துக்குப் போன தோழிகள் யாரும் போனை எடுப்பதில்லை. எனக்கு வேறு ஆட்களே இல்லை. என்ன செய்ய?"

முதலில், விலகல் கடிதத்தை அவசரப்பட்டு எழுதிவிடாதீர்கள். கூட்டத்துக்கு வராமல் இருப்பவரைச் சபை 'செயலற்றவர்' என்றுதான் பார்க்கும். கடிதம் கொடுத்தால் மேடையில் அறிவிப்பு வரும், அதற்கப்புறம் அம்மாவே பேச்சைக் குறைத்துவிடக்கூடும். இப்படி ஒதுக்கி வைக்கும் விதியை 2024-ல் கொஞ்சம் தளர்த்தினார்கள்: சபையிலிருந்து நீக்கப்பட்டவரைக் கூட்டத்துக்கு அழைக்கலாம், வந்தால் சுருக்கமாக வரவேற்கலாம். ஆனால் சேர்ந்து சாப்பிடுவது, பழகுவது இன்றும் கூடாதுதான். கடிதம் எழுதுவது உங்கள் உரிமை. வெளியில் நாலு பேர் துணைக்கு இருக்கும்போது அதை முடிவு செய்யுங்கள்.

அந்த நாலு பேர் எங்கே? பெரும்பாலும் உங்கள் சொந்தத்திலேயே இருக்கிறார்கள். 'உலக ஜனங்கள்' என்று ஒதுக்கி வைத்த பெரியம்மா, சித்தப்பா பிள்ளைகள், பொங்கலுக்கும் கிறிஸ்துமஸுக்கும் கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துப்போனவர்கள். நீண்ட விளக்கமெல்லாம் வேண்டாம், "அக்கா, ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரட்டுமா" என்று கேட்டால் போதும். சிலர் பழைய கோபத்தில் நாலு வார்த்தை சொல்வார்கள், அது நியாயம்தான், கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது நேரம். வாரம் இரண்டு கூட்டம், அதற்குத் தயாரிப்பு, வெளி ஊழியம் என்று உங்கள் வாரமே அதைச் சுற்றித்தான் ஓடியது. கூட்டம் நடக்கும் அந்தச் சாயங்காலத்தில் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தால் நெஞ்சை அடைக்கும், குற்ற உணர்ச்சி வரும். அதே கிழமை, அதே நேரத்தில் வேறு ஒன்றில் சேருங்கள்: நூலகத்தில் வாசகர் கூட்டம், தையல் வகுப்பு, பேட்மின்டன், எதுவானாலும் சரி. வாராவாரம் அதே முகங்களைப் பார்ப்பதுதான் முக்கியம், நட்பு அப்படித்தான் மெல்ல வரும். சாட்சிகள் பிறந்தநாள் கொண்டாடுவதில்லை, ஆனால் இனி ஆபீஸில் யாராவது பிறந்தநாள் கேக் நீட்டினால் வாங்கிச் சாப்பிடுங்கள், முதல் தடவை கை நடுங்கினாலும் பரவாயில்லை. ஆனால் வந்த சூட்டோடு இன்னொரு சபையிலோ ஆசிரமத்திலோ முழுசாகப் போய் விழ வேண்டாம். தனிமையில் இருப்பவரை அன்பால் மொய்த்து உள்ளே இழுப்பவர்கள் எல்லா மதத்திலும் உண்டு.

இணையத்தில் முன்னாள் சாட்சிகளின் குழுக்கள் இருக்கின்றன, பெரும்பாலும் ஆங்கிலத்தில். சொந்தப் பெயரும் படமும் போடாதீர்கள், சபையை நடத்தும் மூப்பர்கள் காதுக்குப் போனால் 'விசுவாசதுரோகம்' என்று விசாரணை வரலாம். ராத்திரியில் தூக்கம் வராமல், அர்மகெதோன் என்ற உலக அழிவைப் பற்றிய பயம் பிடித்து ஆட்டினால் டெலி மானஸ் 14416-க்கு அழையுங்கள். அரசின் இலவச மனநல உதவி எண், 24 மணி நேரமும் இயங்குகிறது, தமிழிலேயே பேசலாம்.

இன்னொன்று, கைப்பையைத் திறந்து பாருங்கள். 'இரத்தம் ஏற்ற வேண்டாம்' என்று கையெழுத்துப் போட்ட அட்டை இன்னும் அதில் இருக்கலாம். மனம் மாறியிருந்தால் இன்றைக்கே கிழித்துப் போட்டுவிட்டு, அவசரத்துக்கு ஆஸ்பத்திரியில் உங்களுக்காகப் பேசக்கூடிய ஒருவரிடம் அதைச் சொல்லி வையுங்கள். அந்தப் பெரியம்மா மகளிடமே சொல்லலாம்.