நுளம்புச் சத்தத்தில் தொடங்கிய சின்தசைசர்

கேள்வி இது: "இலத்திரனியல் படிக்காத ஒருவர் யாழ்ப்பாணத்தில் கிடைக்கிற சாமான்களை வைத்து வீட்டிலேயே ஒரு சின்தசைசர் செய்யலாமா? எங்கே தொடங்குவது?"

செய்யலாம். நான் உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவு. ஓமின் விதியைச் சாதாரண தரப் பரீட்சை மண்டபத்திலேயே விட்டுவிட்டு வந்தவன். என்னாலேயே முடிந்தது. ஆனால் முதல் நாளே கட்டை வைத்த கீபோர்ட், நாலு ஸ்தாயி என்று யோசிக்காதீர்கள். அப்படி யோசித்து வாங்கிய சாமான் ஒரு பை நிறைய என் மேசை லாச்சியில் இன்னும் கிடக்கிறது. முதலில் ஒரேயொரு சுருதி வர வையுங்கள். சின்தசைசரில் அதைக் கொடுக்கிற பகுதிக்குத்தான் ஒசிலேட்டர் என்று பெயர். பாடப் புத்தகத்தில் அலையம் என்று இருக்கும்.

2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம்வரை மின்வெட்டு இருந்தது நினைவிருக்கும். இரவில் செய்ய ஒன்றுமில்லை. அத்தான் கணிதப் பிரிவு படித்தவர், பழைய றேடியோ திருத்துகிற பழக்கமும் உண்டு. "சும்மா இருக்கிற நேரம் இதைச் செய்து பார்" என்று 14 காலுள்ள ஒரு ஐசியை, அதாவது ஒரு சுற்றையே உள்ளே அடக்கிய சின்னக் கறுப்புச் சில்லை, கையில் தந்தார். 40106 என்று அதன் முதுகில் எழுதியிருந்தது. நீங்களும் அதிலேயே தொடங்குங்கள். 555 என்ற ஐசியைப் பற்றித்தான் எல்லாரும் சொல்வார்கள். 1972 இல் சந்தைக்கு வந்தது, இன்றும் எங்கும் கிடைக்கிறது, நல்ல சாமான்தான். ஆனால் அதில் ஒரு சத்தம் எடுக்கவே ஐந்தாறு இணைப்புத் தேவை. 40106 இல் ஒரு றெசிஸ்ரர், ஒரு கப்பாசிற்றர், அவ்வளவுதான். அதோடு ஒரே ஐசிக்குள் இப்படி ஆறு சத்தத்துக்கு இடம் இருக்கிறது.

அது எப்படி வேலை செய்கிறது என்பதை வீட்டுத் தண்ணீர்த் தாங்கியை வைத்து யோசியுங்கள். தாங்கியில் மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு. தண்ணீர் கீழ்க் கோட்டுக்கு இறங்கினால் அம்மா மோட்டரைப் போடுவார், மேல் கோட்டுக்கு வந்தால் நிற்பாட்டுவார். நாள் முழுக்கத் தண்ணீர் இரண்டு கோட்டுக்கும் இடையில் ஏறி இறங்கியபடி இருக்கும். இங்கே கப்பாசிற்றர்தான் தாங்கி, றெசிஸ்ரர்தான் குழாய், ஐசி சுவிச்சில் கை வைத்திருக்கிற அம்மா. கப்பாசிற்றரில் வோல்ற் குறைவாக இருந்தால் ஐசியின் வெளியீடு உயரும், குழாய் வழியே நிரப்பும். மேல் கோட்டைத் தொட்டதும் வெளியீடு விழும், அதே குழாய் வழியே வடியும். 9 வோல்ற் பற்றறியில் அந்தக் கோடுகள் கிட்டத்தட்ட ஐந்தேகாலிலும் மூன்றரையிலும் இருக்கும், ஐசிக்கு ஐசி கொஞ்சம் மாறும். தாங்கி சிறிதானால், அல்லது குழாய் அகலமானால், ஏற்ற இறக்கம் வேகமாகும். செக்கனுக்கு நூற்றுக்கணக்கில் நடந்தால் காதுக்கு அது சுருதி.

இப்படி இரண்டு கோடு வைக்கிற யோசனை ஒட்டோ ஷ்மிட் என்ற அமெரிக்கருடையது. 1934 இல் மாணவராக இருக்கும்போது கணவாயின் நரம்பில் துடிப்பு எப்படிப் போகிறது என்று ஆராயப் போய், அதைப் பார்த்து இப்படி ஒரு சுற்றை அமைத்தார். நாங்கள் கணவாயைக் கறி வைப்பதோடு விட்டுவிட்டோம்.

சாமான் வாங்கப் போகும்போது ஒரு விஷயம். பாடப் புத்தகத்தில் தடையி, கொள்ளளவி என்று இருக்கும். கடையில் அப்படிக் கேட்டால் உங்களை ரியூசன் மாஸ்டர் என்று நினைப்பார்கள். றெசிஸ்ரர், கப்பாசிற்றர் என்றே கேளுங்கள். திருகுகிற றெசிஸ்ரருக்கு "100கே வொலியூம்" என்றால் போதும். 40106 இரண்டு, 10கே, 100கே றெசிஸ்ரர் ஐந்தைந்து (கே என்றால் ஆயிரம் ஓம்), 104 என்று எழுதிய கப்பாசிற்றர் நாலு (104 என்றால் 0.1 மைக்ரோபரட்), 1 மைக்ரோபரட் இரண்டு, 9 வோல்ற் பற்றறி, அதன் தொப்பி வயர், ஒரு பிரெட்போர்ட் (சாமான்களைச் சும்மா குத்திப் பூட்டுகிற ஓட்டைப் பலகை). பற்றாசு, சூட்டுக்கோல் எதுவும் இப்போது வேண்டாம். ரவுனில் ரீவி, றேடியோ திருத்துகிற கடைகளில் முக்கால்வாசி கிடைத்துவிடும். ஐசி இல்லை என்றால் கொழும்புக்குப் போகிற யாரிடமாவது புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் வாங்கிவரச் சொல்லுங்கள்.

ஐசி வாங்குவதில் நான் பட்ட பாட்டையும் கேளுங்கள். முதல் ஐசியைத் தொலைத்துவிட்டு இன்னொன்று வாங்கப் போனேன். கடைக்காரர் ஒன்றை எடுத்துத் தந்து, "ரெண்டும் ஒண்டுதான் தம்பி, கால் எல்லாம் ஒரே மாதிரி" என்றார். 74எச்சி14 என்று எழுதியிருந்தது. கால்கள் ஒரே மாதிரி என்பது உண்மைதான். ஆனால் அது 6 வோல்ற்றுக்கு மேலே தாங்காது, 40106 15 வோல்ற்வரை தாங்கும். நான் 9 வோல்ற்றைக் கொடுத்தேன். சத்தம் வரவில்லை. விரலை வைத்துப் பார்த்தால் அடுப்பில் இருந்த தோசைக்கல் மாதிரிச் சுட்டது. உங்களுக்கும் 74எச்சி14 தான் கிடைத்தால் வாங்குங்கள், குறையில்லை. ஆனால் பற்றறியை விட்டுவிட்டு யூஎஸ்பி பவர்பாங்கின் 5 வோல்ற்றில் ஓட்டுங்கள்.

இனிப் பூட்டுவது. ஐசியின் ஒரு முனையில் சின்னப் பள்ளம் இருக்கும். அது இடது கைப் பக்கம் வரும்படி பிரெட்போர்ட்டின் நடுப் பிளவில் குத்துங்கள். கீழ் வரிசை இடமிருந்து வலமாக 1 முதல் 7, மேல் வரிசை வலமிருந்து இடமாக 8 முதல் 14. பதினாலாம் காலுக்குப் பற்றறியின் நேர், ஏழாம் காலுக்கு மறை. நேருக்கும் மறைக்கும் குறுக்கே ஐசிக்குக் கிட்டவாக ஒரு 104 போடுங்கள். 3, 5, 9, 11, 13 ஆகிய கால்களை மறையோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள். அவை பயன்படுத்தாத உள்வாயில்கள். சும்மா விட்டால் காற்றில் இருக்கிற மின்சார இரைச்சலை எல்லாம் வாங்கிக்கொண்டு ஐசி குழம்பும். நான் விட்டிருக்கிறேன். கையை நீட்டினால் ஒரு சத்தம், எடுத்தால் இன்னொரு சத்தம், பேய் பிடித்த மாதிரி.

முதலாம் காலிலிருந்து மறைக்கு 1 மைக்ரோபரட் கப்பாசிற்றர். அதன் மேல் கழித்தல் கோடு போட்டிருந்தால் அந்தப் பக்கம் மறைக்கு. முதலாம் காலுக்கும் இரண்டாம் காலுக்கும் இடையில் ஒரு 10கே றெசிஸ்ரரும் 100கே வொலியூமும் ஒன்றன்பின் ஒன்றாக. வொலியூமின் மூன்று காலில் நடுவும் ஓரத்தில் ஒன்றும் போதும். இரண்டாம் காலில்தான் சத்தம் வரும். அதை நேரே ஸ்பீக்கரில் கொடுக்க வேண்டாம். இந்த ஐசியால் சில மில்லி அம்பியர்தான் தர முடியும், 8 ஓம் ஸ்பீக்கரை அது தள்ளாது. இரண்டாம் காலிலிருந்து 100கே, அதன் மறுமுனையிலிருந்து மறைக்கு ஒரு 10கே. இரண்டும் சந்திக்கிற இடத்தில் 9 வோல்ற் 0.8 வோல்ற் அளவுக்குக் குறைந்திருக்கும். அங்கிருந்து மற்ற 1 மைக்ரோபரட் வழியாக, ஓக்ஸ் ஓட்டை (வயர் குத்துகிற ஓட்டை) உள்ள புளூரூத் ஸ்பீக்கருக்கு. ஓக்ஸ் வயரின் வெளிச்சுற்று மறைக்குப் போகும். பழைய இயர்போன் வயரை வெட்டிச் செய்யலாம் என்று நினைக்காதீர்கள், அதன் இழைகளில் பூசியிருக்கிற மெழுகு போன்ற பூச்சை லைற்றரால் எரித்தால்தான் மின் ஓடும். காதிலும் மாட்டிக்கொண்டு பார்க்காதீர்கள். சுவர் மின்சாரம், பழைய அடப்டர் எதையும் இந்தப் பக்கம் கொண்டுவர வேண்டாம், பற்றறி போதும்.

வொலியூமை ஒரு ஓரத்தில் வைத்தபோது ஸ்பீக்கரில் சுருதி வரவில்லை. டக் டக் டக் என்று தையல் மெசின் மாதிரி வந்தது. செக்கனுக்கு 11 தரம். மெழுகுதிரி வெளிச்சத்தில் மெதுவாகத் திருகினேன். டக் டக் நெருங்கி, ட்ர்ர்ர் என்றாகி, எந்த இடத்தில் என்று பிடிக்க முடியாமல் ஊம் என்று ஒரு சுருதி ஆகிவிட்டது. செக்கனுக்கு 20 ஐத் தாண்டியதும் காது எண்ணுவதை விட்டுவிட்டுப் சுருதியாகக் கேட்கத் தொடங்கிவிடுகிறது. திரும்பத் திரும்ப அந்த இடத்தை முன்னும் பின்னும் திருகிக்கொண்டிருந்தேன். பிறகு முதலாம் காலில் இருந்த கப்பாசிற்றரை எடுத்துவிட்டு 104 ஐக் குத்தினேன். தாங்கி பத்தில் ஒன்றாகச் சிறுத்ததால் சுருதி பத்து மடங்கு ஏறியது. 110 ஹேர்ட்ஸிலிருந்து ஆயிரத்துச் சொச்சம்வரை போனது.

"உந்த நுளம்பை நிப்பாட்டடா" என்றார் அம்மா அறைக்குள்ளிருந்து.

அப்பா விறாந்தையில் இருந்தார். "உது டைனமோ றேடியோச் சத்தமெல்லே" என்றார். 1990 க்குப் பிறகு, போர் நடந்தபோது, குடாநாட்டில் மின்சாரம் இல்லை, பற்றறிக்கும் தடை. சைக்கிளை ஸ்ராண்டில் விட்டு ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவிலிருந்து வருகிற மின்சாரத்தில் மற்றவர்கள் செய்தி கேட்ட காலம். அப்பாதான் சுற்றுகிற ஆள், பெரியப்பா கேட்கிற ஆள். மெதுவாகச் சுற்றினால் றேடியோவுக்குள் ஓர் இரைச்சல் ஊம் என்று இறங்குமாம், வேகமாகச் சுற்றினால் ஈ என்று ஏறுமாம். டைனமோ தருவது ஆடலோட்டம், சில்லின் வேகத்தோடு அதன் அதிர்வெண்ணும் ஏறும். அதை வடிவாக வடிகட்டாவிட்டால் அப்படியே ஸ்பீக்கரில் கேட்கும். ஆக எங்கள் வீட்டு முதல் ஒசிலேட்டர் அப்பாவின் கை.

திருகிப் பார்க்கும்போது உங்களுக்கு ஒரு எரிச்சல் வரும். தாழ்ந்த பக்கம் திருகத் திருகச் சுருதி அசையாத மாதிரி இருக்கும், மற்ற ஓரத்தில் மயிரிழை அசைத்தாலே நாலைந்து சுரம் பாயும். சாமான் பிழை இல்லை. ஒரு ஸ்தாயி ஏறச் சுருதி இரண்டு மடங்காக வேண்டும், அதற்கு றெசிஸ்ரர் பாதியாக வேண்டும். 110கே 55கே ஆக வொலியூமின் பாதிச் சுற்றுப் போய்விடும். அடுத்த ஸ்தாயிக்குக் கால் சுற்று, அதற்கடுத்ததுக்கு அரைக்கால். வொலியூமின் முதுகில் பி என்று இருந்தால் நேர்ச் சுற்று, ஏ என்று இருந்தால் பழைய றேடியோ வகை, ஒரு பக்கம் மெதுவாகவும் மற்றப் பக்கம் வேகமாகவும் மாறும். ஏ வகையை வாங்கி, ஓரக் காலை மாற்றிப் பூட்டினால் இந்த நெரிசல் நன்றாகக் குறையும். திருகுகிற திசைதான் தலைகீழாகும்.

சத்தத்தின் குணம் பற்றியும் கேட்பீர்கள். இரண்டாம் காலில் வருவது சதுர அலை. அடிப்படைச் சுருதியோடு அதன் 3, 5, 7 மடங்குகள்தான் அதில் இருக்கும், இரட்டை மடங்குகள் இல்லை. அதனால்தான் உள்ளே வெறுமையாக, கிளாரினெட்டின் தாழ்ந்த சுரம் மாதிரிக் கேட்கிறது. நாதஸ்வரத்தின் நிறைவு இதில் வராது.

ஆனால் நாதஸ்வரத்துக்குப் பக்கத்தில் ஒரே சுருதியைப் பிடித்துக்கொண்டிருக்கிற ஒத்து இதில் வரும். எனக்கு இந்த ஐசியில் மிகப் பிடித்த இடம் இதுதான். மூன்றாம் காலை மறையிலிருந்து கழற்றி, 3க்கும் 4க்கும் இடையில் இரண்டாவது ஒசிலேட்டர் ஒன்றை முன்போலவே பூட்டுங்கள். நாலாம் காலிலிருந்து இன்னொரு 100கே, முன்னைய 100கேயும் 10கேயும் சந்திக்கிற இடத்துக்கு. இரண்டையும் ஒரே சுருதிக்குக் கிட்டக் கொண்டுவாருங்கள். ஒன்று 220, மற்றது 222 என்றால், செக்கனுக்கு இரண்டு தரம் சத்தம் பெருத்துச் சிறுத்து அலை அடிக்கும். இன்னும் கிட்டப் போகப் போக அலை மெதுவாகி, ஒரு இடத்தில் நின்றுவிடும். இரண்டாவதை ஒன்றரை மடங்குக்கு ஏற்றினால் சட்ஜத்தோடு பஞ்சமம். இணுவில், அளவெட்டிப் பக்கம் மேளக்கச்சேரி கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்த இடத்தைக் காதே காட்டிக் கொடுக்கும், மீற்றர் வேண்டாம். ஒரு சின்னத் தொல்லை உண்டு. ஒரே ஐசிக்குள் இருப்பதால் இரண்டும் கிட்ட வரும்போது ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொள்ளும். பற்றறிக்குக் குறுக்கே போட்ட அந்த 104 அதைக் குறைக்கும், முற்றாக நிற்பாட்டாது. பற்றறி இறங்க இறங்கச் சுருதியும் நழுவும். இதனால்தான் இதில் கீபோர்ட் பூட்டிப் பாட்டு வாசிக்கிற ஆசையை இப்போதைக்குத் தள்ளி வைக்கச் சொல்கிறேன்.

அதற்குப் பதிலாக வொலியூமைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் ஒளி பட்டால் தடை குறைகிற எல்டிஆர் ஒன்றை வையுங்கள். நான் அதை மெழுகுதிரிக்குப் பக்கத்தில் வைத்தேன். சுடர் ஆட ஆடச் சுருதியும் கமகம் மாதிரி ஆடியது. யன்னலால் காற்று வந்தபோது இன்னும் நன்றாக இருந்தது. எல்டிஆர் இல்லாவிட்டால் இரண்டு வயர் நுனியையும் விரலால் பிடியுங்கள். 9 வோல்ற்தான், ஒன்றும் செய்யாது. இறுக்கிப் பிடித்தால் சுருதி ஏறும். சித்திரை வெயிலில் வியர்த்த கைக்கு இன்னும் ஏறும்.

சத்தம் வராவிட்டால் முதலில் ஸ்பீக்கர் ஓக்ஸில் இருக்கிறதா என்று பாருங்கள். நான் புளூரூத்தில் விட்டுவிட்டு அரை மணித்தியாலம் ஐசியைத் திட்டியிருக்கிறேன். பிறகு பள்ளம் இடது பக்கமா, பயன்படுத்தாத கால்கள் எல்லாம் மறையில் இருக்கின்றனவா என்று எண்ணுங்கள். கடைசியாக ஐசியில் விரலை வையுங்கள். சுட்டால் ஏழும் பதினாலும் மாறியிருக்கிறது. பெரும்பாலும் அது செத்திருக்கும், அதற்காகத்தான் இரண்டு வாங்கச் சொன்னேன்.